எதிராளிக்கு எப்போதும் ஜீரோ

பிளூவரெக்,
மே மாதக் கடைசிச் செவ்வாய், விடாத தூறல்.

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய பியெரிக் மாமா அவர்களுக்கு,

தங்கள் அக்கா மகன் கூல்வென் பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்களும் அத்தையும், தங்கள் பண்ணையில் கடல் தண்ணீரைக் குடித்துக்கொண்டு நிம்மதியாகக் கிடக்கும் சிப்பிகள் அனைத்தும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே அம்மா சுகம். நான் சுகமா என்பது எனக்கே சரியாகத் தெரியவில்லை. சாப்பாடு இறங்குகிறது, தூக்கம் வருகிறது, தெருவில் மட்டும் இறங்க முடியவில்லை. இதைப் போனில் சொல்லலாமே என்று நினைப்பீர்கள். என் நம்பரைப் பார்த்தாலே தாங்கள் கட் செய்துவிடுகிறீர்கள். அதில் தப்பே இல்லை மாமா. போன வருஷம் தங்கள் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்து, அலை ஏறுகிற நேரத்தில் சிப்பி மூட்டையை அப்படியே தண்ணீரில் போட்டுவிட்டு பஸ் ஏறி வந்தவனோடு யார் பேசுவார்கள்? அதனால்தான் கடிதம். கடிதத்தைக் கட் செய்ய முடியாது. கிழிக்கலாம். கிழிப்பதற்கு முன்னால் இந்த ஒரு வரியையாவது படித்துவிடுங்கள்: என்னை மறுபடி வேலைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை மத்தியான ரயிலில் சான்-மாலோ ஸ்டேஷனில் வந்து இறங்குகிறேன். இந்த ஊரில் இனி எனக்கு வேலையும் இல்லை, முகமும் இல்லை.

என்ன நடந்தது என்று கேட்பீர்கள். என்ன நடந்தது என்று தெரிந்தால் நான் ஏன் மாமா இவ்வளவு நீளமாக எழுதப்போகிறேன்? தாங்கள் கால்பந்து பக்கம் தலைவைத்தும் படுக்காதவர், அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். எங்கள் ஊர் அணி இரண்டாம் டிவிஷனில் ஆடுகிறது. ஆடியது. ஆடுகிறதா ஆடியதா என்பதுதான் இப்போது பிரச்சினை. போன ஆகஸ்டில் சீசன் தொடங்கிய அன்று நான் ஸ்டேடியத்துக் கூரைமேல் ஏறி லவுட் ஸ்பீக்கருக்கு வயர் இழுத்துக்கொண்டிருந்தேன். சான்-ப்ரியூவில் எலெக்ட்ரீசியன் படிப்பைப் பாதியில் விட்டவன்தான், ஆனாலும் அந்தப் பாதி கையில் இருக்கிறதே. கீழே மைக்கில் பேசிக்கொண்டிருந்தவர் வருஷக்கணக்காக மைக் பிடிக்கும் பிரிஜாங் அவர்கள். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே ரெஃப்ரியின் அம்மாவைப் பற்றி ஒரு கருத்துச் சொன்னார். மைக் ஆஃப் ஆகியிருக்கிறது என்று அவர் நினைப்பு. ஆஃப் ஆகவில்லை. நான்தான் அப்போதுதான் சரி பண்ணியிருந்தேன். அவருக்கு ஒரு வருஷம் தடை. கிளப் தலைவி மதாம் கெர்மரெக், பன்றித் தீவன ஃபாக்டரி முதலாளியம்மா, கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்.

"டேய், மேல இருக்கிறவனே! உனக்குத் தொண்டை இருக்கா?"

"இருக்கு மேடம்."

"அப்ப இறங்கி வா. மைக்கைப் புடி."

இப்படித்தான் நான் மைக்காரன் ஆனேன். மாமா, நான் படிப்பை விட்டேன், பேக்கரியை விட்டேன், தங்கள் சிப்பியை விட்டேன். இந்த மைக்கை மட்டும் விடவில்லை. மழையிலும் போனேன், காய்ச்சலோடும் போனேன். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. நான் ஒரு சொல் சொன்னால் ஊரே சேர்ந்து ஒரு சொல் திருப்பிச் சொல்கிறது. வேறு எங்கே எனக்கு அப்படி நடந்திருக்கிறது? வீட்டில் நான் பேசினால் நாய்கூடத் திரும்பாது.

அந்தப் பழக்கத்தைத்தான் தாங்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டும். நம்ம ஆள் கோல் அடித்தால் மைக்காரன் பேரைச் சொல்வான், ஜனம் குடும்பப் பேரைக் கத்தும். நான் "பக்காரி!" என்பேன், ஸ்டேடியம் "சிஸோக்கோ!" என்னும். அப்புறம் நான் ஸ்கோர் கேட்பேன். "பிளூவரெக்?" "ஒண்ணு!" "எதிராளி?" "ஜீரோ!" "நன்றி!" "அட, ஒண்ணுமில்ல!" இதில் ஒரு விசேஷம். எதிராளி ஒன்று அடித்திருந்தாலும் ஜீரோதான், நாலு அடித்திருந்தாலும் ஜீரோதான். எதிராளியின் எண்ணிக்கையை வாயால் சொல்வது எங்கள் ஊரில் மரியாதைக் குறைவு. யாரும் ஏமாறுவதில்லை, ஸ்கோர் போர்டு எதிரிலேயே இருக்கிறதே. ஆகவே, மாமா, நான் கேட்பது கேள்வி அல்ல, ஜனம் சொல்வது பதில் அல்ல. சர்ச்சில் பாதிரியார் ஒன்று சொல்ல, நாம் ஒன்று சொல்வோமே, அந்த மாதிரி.

இந்த வேலை சுலபம் என்று நினைத்தேன். முதல் ஆட்டத்திலேயே நமக்குக் கிடைத்த கோல் எதிராளி போட்ட சேம் சைடு கோல். சந்தோஷத்தில் நான் ஆட்டக்காரர் பேர்த் தாளைப் பார்த்து "ழான்-பத்தீஸ்த்!" என்று கத்திவிட்டேன். ஸ்டேடியம் கப்சிப். ழான்-பத்தீஸ்தின் குடும்பப் பேர் எங்கள் ஊரில் யாருக்குத் தெரியும்? கடைசியில் எதிராளிகள் உட்காரும் மூலையிலிருந்து ஒரே ஒரு பெண்குரல் கோபத்தோடு "லமூரூ!" என்றது. அவனுடைய அம்மா. அடுத்தது கெவின் விவகாரம். எங்கள் அணியில் இரண்டு கெவின். ஒருவன் கெவின் லெ ஃப்ளோக், ஒருவன் கெவின் டியாரா. ஒரு கார்னர் பந்து இருவர் தலையிலும் பட்டு உள்ளே போனது. நான் "கெவின்!" என்றேன். பாதி ஸ்டேடியம் லெ ஃப்ளோக் என்றது, பாதி டியாரா என்றது, பாதியும் பாதியும் எழுந்து நின்று சண்டை பிடித்தார்கள். மைதானத்தில் இரண்டு கெவினும் அதையே பிடித்துக்கொண்டார்கள். "என் தலைல பட்டுதான்டா போச்சு." "உன் தலைல பட்டா பந்து வெளியதான்டா போகும்." அவர்கள் முடிப்பதற்குள் எதிராளி நடுவிலிருந்து பந்தை உதைத்துக்கொண்டு நேராக வந்து கோல் போட்டுவிட்டான்.

அப்புறம் அந்த மூடுபனி ஆட்டம். கடலிலிருந்து பனி ஏறி, எனக்கு என் மைக்கே தெரியவில்லை. ஆனால் மாமா, சத்தம் தெரியுமே. அந்தக் கோடியிலிருந்து 'ஓ'வென்று ஒரு இரைச்சல் வந்தது. கோல்தான் என்று முடிவு பண்ணி "பிளூவரெக்?" என்று ஆரம்பித்தேன். ஜனமும் பழக்கத்தில் "ஒண்ணு!" என்றது. மைதானத்தில் நம்ம ஆட்கள் கட்டிப் பிடித்துக்கொண்டார்களாம். கொஞ்ச நேரத்தில் ரெஃப்ரி மூச்சு வாங்க என் மைக் கூண்டுக்குப் படியேறி வந்தார்.

"தம்பி, கோல்னா விசில் ஊதறது யாரு?"

"நீங்கதான் சார்."

"நான் ஊதினேனா?"

"நீங்க எங்க இருக்கீங்கன்னே தெரியல சார்."

"யாரும் கோல் அடிக்கலப்பா. அங்க சாசேஜ் தீந்து போச்சு."

உண்மைதான். அந்தக் கோடியில் கலெத் அடையில் சாசேஜ் சுருட்டி விற்பது அம்மாதான். கடைசி சாசேஜை அம்மா பாதிரியாருக்குக் கொடுத்துவிட்டு அடுப்பை அணைத்ததற்கு வந்த இரைச்சல் அது.

கோச்சுகள் கதையை என்னவென்று சொல்ல? முதலில் வந்தவர் பந்தை விடவே கூடாது என்றார். விடாமல் வைத்திருந்தோம், எங்கள் கோல் வாசலிலேயே. அவரை அனுப்பினார்கள். இரண்டாவது ஆள் தெற்கேயிருந்து வந்தவர், பந்தைத் தூக்கி அடி என்றார். எங்கள் ஊர்க் காற்றில் தூக்கி அடித்த பந்து எங்களிடமே திரும்பி வந்தது. அவர் சளி பிடித்து ஊருக்குப் போனார். மூன்றாவது ட்ரெவிடிக். அவர் தன்னையே யாரோ மூன்றாம் மனிதர் மாதிரி பேசுவார். "ட்ரெவிடிக் கவலைப்படல" என்பார். யாரைச் சொல்கிறார் என்று புது ஆட்கள் சுற்றுமுற்றும் பார்ப்பார்கள். புள்ளிப் பட்டியலை நான் தினமும் பார்த்தேன். நாங்கள் தோற்றபோது ஏறினோம், ஜெயித்தபோது இறங்கினோம். எப்படி என்று பேக்கரிக்காரர் மாவில் எழுதிக்காட்டினார், அப்போதும் புரியவில்லை. கடைசியில் புரிந்தது ஒன்றே ஒன்று. மூன்றாம் டிவிஷனுக்கு இறங்க வேண்டியவர்களில் இன்னும் ஒரு இடம் பாக்கி. அதில் நாங்கள் விழ வேண்டும், அல்லது வால்மெரி விழ வேண்டும். கடைசி நாள் வரும்போது நாங்கள் வால்மெரியை விட ஒரே ஒரு புள்ளி மேலே. வால்மெரி ஜெயிக்காவிட்டால் எங்களுக்கு டிரா போதும். வால்மெரி ஜெயித்தால் நாங்களும் ஜெயித்தே ஆகணும். எல்லா ஆட்டமும் ஒரே நேரத்தில். அவர்கள் பெல்ஃபோன் என்ற ஊரில், அந்த ஊர் அணியோடு; நாங்கள் இங்கே.

அன்றைக்கு மாடுகளைத் தவிர ஊரில் எல்லோரும் ஸ்டேடியத்தில்தான். அத்தனை பேரும் போனை எடுத்து வால்மெரி ஸ்கோரைப் பார்க்கப் போனதில் தண்ணீர்த் தொட்டிமேல் இருக்கிற ஒரே டவரும் படுத்துவிட்டது. வெளியுலகத்தோடு தொடர்பு என்பது என் கூண்டில் இருக்கிற பழைய தரைவழிப் போன் மட்டும். மதாம் கெர்மரெக் அதைக் காதில் ஒட்டிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மறுமுனையில் அவருடைய தங்கை வீட்டுக்காரர், பெல்ஃபோன் ஸ்டேடியத்துக்குள்ளேயே. எங்களோடு ஆட வந்தவர்கள் நடுவரிசை அணி, ஏறும் கவலையும் இல்லை இறங்கும் கவலையும் இல்லை, பஸ்ஸிலிருந்து ரப்பர் செருப்போடு இறங்கினார்கள், பாதிப் பேர் மறுநாள் கடற்கரைக்கு மூட்டை கட்டியாகிவிட்டது. அப்படியும் ஒன்று அடித்தார்கள். பக்காரி ஒன்று அடித்துச் சமன் பண்ணினான். ஒன்றுக்கு ஒன்று. பெல்ஃபோனில் இருவருமே எதுவும் அடிக்கவில்லை. அப்படியே நின்றால் நாங்கள் தப்பித்தோம். ஆட்டம் முடியக் கொஞ்ச நேரமே இருக்கும்போது மேடம் என் கையைப் பிடித்துக் கிள்ளினார்.

"வால்மெரி போட்டுட்டான்! ஒண்ணு! நம்ம பசங்க ஜெயிச்சாகணும்! சொல்லு, சீக்கிரம் சொல்லு!"

மாமா, இங்கேதான் கவனமாகப் படிக்க வேண்டும். நான் என்ன செய்திருக்க வேண்டும்? "வால்மெரி ஒரு கோல் போட்டுவிட்டது, நம்மவர்கள் முன்னால் ஏறி ஆடவும்" என்று மனுஷன் மாதிரிச் சொல்லியிருக்க வேண்டும். மைக்கை எடுத்தேன். வாய் தன் பாட்டுக்குப் போனது. ஒரு வருஷப் பழக்கம்.

"பெல்ஃபோன் ஸ்கோர்! பெல்ஃபோன்?"

"ஜீரோ!"

"வால்மெரி?"

கேட்டேவிட்டேன். அந்த ஸ்டேடியத்தில் பதில் தெரிந்தவர்கள் மேடமும் நானும்தான். தெரியாத அத்தனை பேரும் எழுந்து நின்று, நெஞ்சு வெடிக்கக் கத்தினார்கள்.

"ஜீரோ!"

அப்படி ஒரு ஜீரோவை நான் அந்த வருஷம் முழுக்கக் கேட்டதில்லை. மேடம் என்னைப் பார்த்தார். நான் மேடத்தைப் பார்த்தேன். வாய் இன்னும் நிற்கவில்லை. "நன்றி" என்றேன். "அட, ஒண்ணுமில்ல!" என்றது ஸ்டேடியம். அப்புறம்தான் எனக்கு உயிர் வந்தது. "இல்ல, ஒண்ணு, ஒண்ணு!" என்று மைக்கைக் கடித்துக்கொண்டு கத்தினேன். அந்தக் கத்தலில் மொத்த சவுண்ட் சிஸ்டமும் பட்டென்று அணைந்தது. பியூஸ். எலெக்ட்ரீசியன் படிப்பில் பியூஸ் பாடம் வருவதற்கு முந்தின வாரம்தான் நான் நின்றுவிட்டேன். அதற்குள் வடக்குப் பக்கம், தாங்கள் கத்தின ஜீரோவையே செய்தி என்று நம்பி, டிரம் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். படியில் உருண்டு கீழே ஓடினேன். கோட்டோரம் நின்று, ஒண்ணு என்று புரியட்டும் என்று ஆள்காட்டி விரலைத் தூக்கிக் காட்டினேன். முதல் வரிசை என்னைப் பார்த்தது. நாமதான் நம்பர் ஒண்ணு என்று நான் சொல்வதாக எடுத்துக்கொண்டு அவர்களும் விரலைத் தூக்கினார்கள். பின் வரிசை தூக்கியது. ஸ்டேடியமே தூக்கியது. கோச்சிடம் போனேன். "சார், ஒண்ணு! வால்மெரி ஒண்ணு!" என்றேன். டிரம் சத்தத்தில் அவருக்கு என்ன கேட்டதோ, "ட்ரெவிடிக்குத் தெரியும் தம்பி, ட்ரெவிடிக்குத் தெரியும்" என்று கண்ணில் தண்ணீரோடு அவரும் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். பக்காரி, நம்ம கேப்டன், பந்தைக் கார்னர் கொடிக்கு ஓட்டிக்கொண்டு போய், முதுகைக் காட்டிக்கொண்டு, நேரத்தை ஓட்டினான். ரப்பர் செருப்பு அணிக்கு அதைப் பிடுங்கப் பெரிய அக்கறை இல்லை, பேருக்கு மூன்று பேர் வந்து அவன் முதுகில் முட்டினார்கள். நான் கோட்டுக்கு வெளியே நின்று கும்பிடாத குறையாகக் கெஞ்சினேன்.

"கேப்டன், அங்கிட்டுப் போங்க! கோல் அந்தப் பக்கம்!"

"பயப்படாத தம்பி," என்றான் பக்காரி, மூன்று பேரை முதுகால் தள்ளிக்கொண்டே. "இந்தப் பந்தை எவனும் வாங்க முடியாது."

எவனும் வாங்கவில்லை. விசில் ஊதியது. மைதானம் முழுக்க ஜனம். மேளம், முத்தம், ஆப்பிள் சிடர் பாட்டில், பாதிரியார் கோல் கம்பத்தின்மேல். கோச்சைத் தூக்கி வானத்தில் எறிந்து எறிந்து பிடித்தார்கள். அந்த நேரத்தில்தானா மாமா அந்த டவருக்கு உயிர் வர வேண்டும்? ஒரு போன் சிணுங்கியது. பத்துப் போன் சிணுங்கியது. ஊரே குனிந்து பாக்கெட்டைப் பார்த்தது. ட்ரெவிடிக் அப்போது மேலே இருந்தார். மேலே போகும்போது அவர் இரண்டாம் டிவிஷன் கோச். கீழே வரும்போது மூன்றாம் டிவிஷன் கோச். பிடிக்க ஒரு கையும் இல்லை. இப்போது தோளில் கட்டு. "ட்ரெவிடிக்குக் கோபம் இல்ல" என்று ஆஸ்பத்திரியிலிருந்து சொல்லி அனுப்பினாராம். அது நிஜமா என்று தெரியவில்லை.

மறுநாள் மதாம் கெர்மரெக் கூப்பிட்டார். "கூல்வென், நீ ஒரு கேள்வி கேட்ட. ஊரு ஒரு பதில் சொல்லிச்சு. அணி இறங்கிப் போச்சு. இனிமே நீ கேக்கவும் வேணாம், சொல்லவும் வேணாம். கூண்டுச் சாவியை வெச்சுட்டுப் போ." வைத்துவிட்டு வந்தேன். மாமா, நான் ஆரம்பித்து, நடுவில் ஓடாமல், கடைசிவரை இருந்த ஒரே காரியம் இந்த சீசன். இருந்ததன் லட்சணத்தைப் பாருங்கள்.

அதற்கப்புறம் ரொட்டி வாங்கப் போனேன். "ரெண்டு ரொட்டி" என்றேன். "எத்தனை?" என்றார் பேக்கரிக்காரர், தெரிந்துகொண்டே. "ரெண்டு" என்றேன். வரிசையில் நின்ற மொத்தப் பேரும் சேர்ந்து "ஜீரோ!" "நன்றி" என்றார் பேக்கரிக்காரர். "அட, ஒண்ணுமில்ல!" என்றது வரிசை. ரொட்டி இல்லாமல் வீட்டுக்கு வந்தேன். இதில் எனக்குப் புரியாத பகுதி என்னவென்றால், ஊரில் யாரைக் கேட்டாலும் அன்றைக்குத் தான் கத்தவே இல்லை என்கிறார்கள். பேக்கரிக்காரர் கத்தவில்லையாம், பீர் வாங்கப் போயிருந்தாராம். பாதிரியாருக்குத் தொண்டை கட்டியிருந்ததாம். தபாலாபீஸ் சொலென் அக்கா அந்த நேரம் பாத்ரூமில் இருந்தாளாம். அப்படியானால் அந்த ஜீரோவைக் கத்தினது யார் மாமா? காலி நாற்காலிகளா? அம்மா ஒருத்திதான் ஒத்துக்கொண்டாள். "நானும் கத்தினேன்டா. கையில சாசேஜை வெச்சுக்கிட்டே கத்தினேன். பழக்கம்டா, என்ன பண்றது" என்றாள். அம்மாவை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்வேன். நேற்று பக்காரி வீட்டுக்கு வந்தான். அணி இறங்கினால் அவனுடைய ஒப்பந்தம் தானாகவே முடிந்துபோகும். அவன் மனைவி அவா இப்போதுதான் சந்தை மைதானத்தில் முடி பின்னுகிற கடை திறந்திருக்கிறாள், நம்ம ஊர்ப் பெண்கள் எல்லோரும் அங்கேதான் தலையைக் கொடுக்கிறார்கள். பிள்ளைகள் இங்கே பள்ளிக்கூடம் போகின்றன, பிளூவரெக் பேச்சில் என்னை விட நன்றாகத் திட்டுகின்றன. அடிக்கத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்து நான் மேசைக்கு அந்தப் பக்கம் போய் நின்றேன்.

"ஒண்ணு மட்டும் சொல்லு," என்றான். "நீ கேட்டியா, சொன்னியா?"

"கேட்டேன் கேப்டன்."

"பதில் தெரிஞ்சுக்கிட்டே கேட்டியா?"

"தெரிஞ்சுக்கிட்டேதான்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "எதுக்குடா?" என்றான். எதுக்கு என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவனுக்கும் திட்டத் தெரியவில்லை, அவ்வளவு நல்லவன். அம்மா கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, வாசல்வரை போய்த் திரும்பினான்.

"அந்தக் கார்னர்ல நான் பந்தைக் காப்பாத்தினதைப் பாத்தியா? பதினேழு வயசுல இருந்து ஆடறேன். இவ்வளவு சுத்தமா ஒரு பந்தை நான் காப்பாத்தினதே இல்ல. அவாகிட்ட அதைப் பெருமையாச் சொல்லிக்கிட்டு இருந்தேன் தம்பி. அப்பதான் போன் அடிச்சுது."

மாமா, அதற்கப்புறம் எனக்கு இந்த ஊரில் இருக்க முடியவில்லை. மூட்டை கட்டியாகிவிட்டது. தங்கள் பண்ணையில் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, அலை இறங்கும்போது இறங்கி, ஏறும்போது ஏறி, சொன்ன வேலையைச் செய்துகொண்டு கிடக்கிறேன். சிப்பிகள் திருப்பிக் கத்தாது. ஒரு கேள்வியும் கேட்கமாட்டேன், சத்தியம். மூட்டையைத் தண்ணீரில் விடமாட்டேன், அது அம்மா மேல் சத்தியம். கால்பந்து என்ற வார்த்தையை வாயில் எடுக்கமாட்டேன். மதாம் கெர்மரெக் ஒரு பன்றித் தீவனம், பேக்கரிக்காரரின் ரொட்டியில் உப்பே கிடையாது, இந்த ஊர் கடலில் மூழ்கட்டும். முழு மனசோடு எழுதுகிறேன்.

அத்தைக்கு என் வணக்கம். தங்கள் மூட்டுவலி இந்த மழையோடு போகட்டும், தங்கள் சிப்பிகள் கொழுக்கட்டும், அலை தங்கள் சொல் கேட்கட்டும். சனிக்கிழமை ஸ்டேஷனுக்கு வேன் கொண்டு வரவும். ஒருவேளை வர மனமில்லாவிட்டால், வராமல் இருந்தாலே புரிந்துகொள்கிறேன், ஸ்டேஷனிலிருந்து நடந்தே வந்துவிடுகிறேன்.

தங்கள் பாதத்தில் பணியும் மருமகன்,
கூல்வென்

பின்குறிப்பு: மாமா, சனிக்கிழமை ஸ்டேஷனுக்கு வராதீர்கள். இன்றைக்கு வெள்ளிக்கிழமை, இது வந்து சேர்வதற்குள் சனிக்கிழமை போயிருக்கும், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதம் இத்தனை நாள் என் பாக்கெட்டிலேயே கிடந்தது, தபாலாபீஸுக்குப் போனால் சொலென் அக்கா என்ன கத்துவாளோ என்ற பயம். நேற்று அவளே வீட்டுக்கு ஓடி வந்தாள். வால்மெரி அன்றைக்கு ஆட்டத்தில் இறக்கிய ஒருத்தன், மஞ்சள் அட்டைத் தண்டனையில் ஒரு ஆட்டம் வெளியே உட்கார வேண்டியவனாம். கணக்கைத் தப்பாகப் பார்த்து அவனை இறக்கிவிட்டார்களாம். கோல் அடித்ததும் அவனே. லீக் கமிட்டிக்காரர்கள் பச்சைத் துணி விரித்த மேசையில் உட்கார்ந்து, மைதானத்தில் ஜெயித்ததைப் பிடுங்கிக்கொண்டு, தோல்வி என்று எழுதிவிட்டார்கள். அடித்த கோலும் செல்லாது. விதிப்படி பெல்ஃபோன் மூன்று. வால்மெரி ஜீரோ. ஆமாம் மாமா, ஜீரோ, முத்திரை குத்தின காகிதத்தில். அவர்கள் மூன்றாம் டிவிஷன், நாங்கள் டிரா பண்ணித் தப்பித்த இரண்டாம் டிவிஷன். பக்காரி இருக்கிறான், அவா கடை இருக்கிறது, அந்தக் கார்னர் பந்தைப் பற்றி மறுபடி முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்துவிட்டான். இப்போது ஊரில் எல்லோரும் அன்றைக்கு முதலில் கத்தினது தான்தான் என்கிறார்கள். பேக்கரிக்காரர் பீர் வாங்கவே போகவில்லையாம். பாதிரியாரின் தொண்டை சரியாகத்தான் இருந்ததாம். சொலென் அக்கா பாத்ரூமிலிருந்தே கத்தினாளாம். மதாம் கெர்மரெக் சாவியைத் திருப்பிக் கொடுத்து, "நீ எப்பவும் போல கேளுடா, அவங்க சொல்லட்டும்" என்றார். அந்த அம்மா தங்கமான மனுஷி. ரொட்டியிலும் உப்புச் சரியாகத்தான் இருக்கிறது. நான் செய்தது தப்பா சரியா என்று இன்னும் புரியவில்லை, யாரும் விளக்கவும் வேண்டாம். சத்தியங்கள் எல்லாவற்றையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், அம்மா மேல் செய்ததை அம்மாவிடம் கேட்டுக்கொண்டே வாங்கினேன். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் விருந்து. தங்கள் அக்கா சிப்பி அனுப்பச் சொன்னாள். எத்தனை கூடை என்பதைத் தாங்களே முடிவு பண்ணி எழுதிவிடுங்கள் மாமா. இந்த விஷயத்தில் நான் ஊரிடம் கேட்கப்போவதில்லை.